மூன்று பேனாவில் போட்ட டிக்

அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பவர்களைக் கண்டால் எங்கள் தையல்கடை மாஸ்டருக்கு ஆகாது. இடுப்பில் டேப் பட்டதுமே சிலர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி நிற்பார்கள். மாஸ்டர் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொள்வார். "மூச்சை விடுங்க சார், எனக்கொண்ணும் அவசரமில்ல" என்பார். அதற்குள் அந்த ஆளின் முகம் சிவந்து வயிறு தானாக வெளியே வந்துவிடும். "துணிகிட்ட பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? தப்பான அளவு குடுத்தா வெட்டுறவன் என்ன செய்வான்?" என்று ஒரு பிரசங்கமும் உண்டு. அதைக் கேட்டு நான் எத்தனையோ நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

நான் அந்தக் கடையில் காஜா எடுப்பவள். பட்டனுக்கு ஓட்டை போட்டு ஓரம் கட்டுவதுதான் காஜா. அதோடு பட்டன் தைப்பது, கால் மடிப்பது, பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது என்று கடைசி வேலை எல்லாம் என் தலையில். மாஸ்டர் தைத்து முடித்த துணியை என் பக்கம் தள்ளி, "முடிச்சு விடுங்கக்கா" என்பார். பதினோரு வருஷமாக நாளைக்கு இருபது தடவை கேட்ட வார்த்தை. காதில் விழுந்ததும் கை தானாக வேலை செய்யும், என்ன ஏது என்று கேட்காது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

கடை என்றால் தனிக்கடை இல்லை. மாஸ்டர் வீட்டின் முன்னறை. நடுவில் நின்றபடி வெட்ட வசதியாக உயரமான மேஜை, சுவரோரம் இரண்டு மெஷின், மூலையில் போட்டுப் பார்க்க ஒரு திரை, பாதி மங்கிப்போன ஒரு கண்ணாடி. மாஸ்டரின் மனைவிக்கு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலை ஆறரைக்கு வேன் ஏறினால் மாலை ஐந்தரைக்குத்தான் இறங்குவாள். ஆகவே மகளைப் பார்த்துக்கொள்வது மாஸ்டர் பொறுப்பு. ஒரே மகள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வக்கீலம்மா. பள்ளிக்கூட வேன் மூன்றரைக்குக் கொண்டுவந்து விட்டதும் துணிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடி முன் நின்று யாராவது "எப்படி இருக்கு?" என்றால் முதல் பதில் அவளிடமிருந்துதான் வரும். ஒருவரிடம், "காலர் சரியாத்தான் இருக்கு அங்கிள், கழுத்துதான் கொஞ்சம் உள்ள போயிருக்கு" என்றாள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தாரே தவிர கோபித்துக்கொள்ளவில்லை. பேச்சில் அவளை மடக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. கால் மட்டும்தான் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது.

குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்த சமயத்தில் மூளையில் ஓர் இடத்தில் அடிபட்டுவிட்டது. ஆஸ்பத்திரி ஃபைலில் பெருமூளை வாதம் என்று எழுதியிருக்கும். இரண்டு காலும் விறைத்து, குதிகால் தரையில் படாமல், முட்டி ஒன்றோடொன்று உரசும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். ஒரு நாள் சட்டை தைக்க வந்த அம்மா ஒருத்தி, "பாப்பாவுக்கு என்ன?" என்று மாஸ்டரைக் கேட்டாள். மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். வக்கீலம்மா விழுங்கவில்லை. "பெருமூளை வாதம் ஆன்ட்டி. பெரிய மூளை, நிறைய வாதம். அதான் எல்லார்கிட்டயும் வாதாடிக்கிட்டே இருக்கேன்" என்றாள். அந்த அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மாஸ்டர் மட்டும் மெஷினில் நூல் அறுந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டார். நூல் அறுந்திருக்கவில்லை.

அந்த மனிதருக்கு வெட்கம். மகள் மேல் உயிர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நாலு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரு மனதில் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருக்கிறது, நானே பார்த்தேன்.

அவளுக்கு எட்டு வயதானபோது ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பிசியோ மேடம் ஐந்து படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்குவது, பாதத்தை மேலே மடக்கிப் பிடிப்பது, முட்டியை நேராக வைக்கும் பட்டை கட்டிச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்காருவது, மேஜையைப் பிடித்து நிற்பது, ஸ்டூலில் இருந்து எழுந்து எழுந்து உட்காருவது. மாஸ்டரின் தொழில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி சொன்னார். "மூளையில பட்ட அடி அப்படியே இருக்கும் சார், வளராது. ஆனா பிள்ளை வளருதே. எலும்பு வளர்ற வேகத்துக்கு விறைச்ச தசை கூடவே வளர மாட்டேங்குது. சின்னப் பிள்ளைங்களுக்குத் தைக்கும்போது பின்னாடி பிரிச்சு விடறதுக்கு உள்ள துணி விட்டுத் தைப்பீங்கல்ல? இவ காலுக்கு அந்த உள்துணி இல்ல. தினமும் செஞ்சு நாமதான் உண்டாக்கணும். இதனால வாதம் போயிடும்னு நான் சொல்லல. முட்டி மடங்கினது மடங்கினபடியே நின்னுடாமப் பார்த்துக்கலாம்."

கூடவே ஓர் அட்டையும் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு நாளைக்கு ஒரு கட்டம். பயிற்சி செய்த நாளில் ஒரு டிக். மூன்று மாதம் கழித்து அட்டையோடு வரவேண்டும்.

மாஸ்டர் முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் செய்தார். மூன்றாவது வாரம் ஒரு நாள், திரைக்குப் பின்னால் பாய் விரித்து மகளின் முட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். நேராக வரவில்லை. சுருங்கின துணியை இஸ்திரிக்கு முன்னால் இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்து நேராக்குவோமே, அந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டது. இழுத்தார். பிள்ளை கத்தின கத்தலில் நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். பேன்ட்டைப் போட்டுப் பார்க்க வரிசையில் நின்ற ஆள் ஒருவர், "என்ன மாஸ்டர், பிள்ளைய அடிக்கிறீங்களா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். மாஸ்டர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்கப்புறம் வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்துச் செய்தார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். அப்புறம், "இன்னைக்கு அவளுக்கு டயர்டா இருக்கு." அப்புறம் பாயைச் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் வைத்தார். அது பிறகு வெளியே வரவே இல்லை. வக்கீலம்மாவும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வலி போயிற்றே.

பயிற்சி நின்றதும் அவர் தன் தொழில் வித்தையைக் காட்ட ஆரம்பித்தார். மகளுக்கு அவர் வெட்டின பேன்ட்டைப் போல ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறதோ அதற்கேற்ற துணியை முட்டிக்குப் பின்னால் உள்ளே மடித்துத் தைத்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடிப்பு, முன்னால் கொஞ்சம் கூடுதல் துணி, உள்பக்கத் தையல் ஒரு நூல் அளவு முன்தள்ளி. முட்டி மடங்கியிருந்தாலும் துணி நேராக விழும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எந்தக் குறையும் தெரியாது. "பிள்ளைக்கு நல்லாயிடுச்சே மாஸ்டர்" என்று ஒருவர் சொன்னார். மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும் பெருமைதான், கால் மடித்தது நான்தானே.

அளவு நோட்டில் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. அவர் வெட்டும்போது நான் படித்துச் சொல்வேன். முதல் வருஷம், பின்முட்டிப் பிடிப்பு அரை இன்ச். அடுத்த வருஷம் முக்கால். அதற்கடுத்து ஒன்றேகால். என் வாயால்தான் படித்தேன். மூன்று வருஷத்தில் அரை இன்ச் ஒன்றேகால் ஆனது ஏன் என்று ஒரு தடவைகூட நான் நின்று யோசித்ததில்லை. அவர் யோசித்தாரா என்று இன்றுவரை கேட்டதும் இல்லை.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டது போதும்.

முதல் அட்டையில் விட்டுப்போன கட்டங்களை மாஸ்டரே நிரப்பினார், தலையைத் தூக்காமல். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கையில் அட்டையை என் பக்கம் தள்ளினார். தொண்ணூறு கட்டத்தில் ஆறோ ஏழோதான் நிரம்பியிருந்தது. "முடிச்சு விடுங்கக்கா" என்றார்.

நான் முடித்துவிட்டேன். ஏனோதானோ என்று செய்யவில்லை, அதுதான் வெட்கக்கேடு. ஒரே பேனாவில் போட்டால் ஒரே நாளில் போட்டது தெரிந்துவிடும் என்று மூன்று பேனா எடுத்தேன். நீலம், கறுப்பு, மை தீர்ந்துபோய்ச் சொரசொரவென்று எழுதும் இன்னொரு நீலம். சில டிக்கைச் சாய்த்துப் போட்டேன், சிலதை அவசரத்தில் போட்டதுபோலக் கட்டத்துக்கு வெளியே இழுத்தேன். ஒரு கட்டத்தில் டீ சொட்டு வைத்தேன். துணிக் குவியலுக்குப் பக்கத்திலிருந்து வக்கீலம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, ஞாயித்துக்கிழமைக்கு வேற பேனா" என்றாள். நான் அவள் சொன்னபடியே செய்தேன்.

அப்படி மூன்று வருஷம், ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு டீ சொட்டு. மாஸ்டரின் மனைவி ஒவ்வொரு முறையும் அந்த அட்டையை எடுத்து, விரலால் வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்து, பத்திரமாக ஃபைலில் வைப்பாள். "நான் இல்லாட்டியும் இவர் விடாம செய்றார்க்கா" என்று என்னிடமே சொன்னாள்.

மகளுக்குப் பதினொன்று முடியும் சமயம். அன்றைக்கு மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கி ஏற்ற ஆள் வேண்டுமென்று நான் கூடப் போனேன். பிசியோ மேடம் முட்டியின் கோணத்தை அளந்தார். மறுபடி அளந்தார். ஃபைலைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "தினமும் செஞ்சும் இவ்வளவு இறுகிடுச்சேப்பா" என்றார். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, அவருக்கு வருத்தம்தான். அங்கிருந்து எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்.

எலும்பு டாக்டரும் அட்டைகளைப் புரட்டினார். "பயிற்சிய நீங்க ஒழுங்காத்தான் செஞ்சிருக்கீங்க. அப்படியும் முட்டி நீளலன்னா இனிமே பயிற்சிய மட்டும் நம்பி இருக்க முடியாது. ரெண்டு முட்டிக்கும் பின்னாடி தசைநாரை வெட்டி நீளமாக்கணும். ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் பழையபடி நிக்க, நடக்க நாள் ஆகும்" என்றார். அடுத்த மாதம் தேதி கொடுத்தார். மாஸ்டர் தலையை ஆட்டினார். கையெழுத்தும் போட்டார்.

வெளியே வரும்போது பிசியோ மேடம் கூப்பிட்டார். "சார், இந்த அட்டைய நான் வச்சுக்கட்டுமா? இப்படி ஒரு கட்டம்கூட விடாத அப்பாவ நான் பார்த்ததே இல்ல. மத்தவங்களும் பார்க்கட்டும்." எங்கள் கண் முன்னாலேயே பயிற்சி அறைச் சுவரில் நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டினார். என் டீ சொட்டு அங்கிருந்து தெரிந்தது. பஸ் ஏறித் திரும்பினோம். எங்கள் வக்கீலம்மா பேசாமல் வந்த பயணம் அது ஒன்றுதான்.

பத்து நாள் போயிற்று. மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு அரித்தது. ஆனால் அவர் சொல்லட்டும் என்று நானும், யாராவது கேட்கட்டும் என்று அவரும் இருந்தோம். தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பதினோராவது நாள் பேங்க்காரர் ஒருவரின் பேன்ட் துணி. மாஸ்டர் சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியைத் துணிமேல் வைத்து, விறுவிறுவென்று வெட்டினார். வெட்டின துண்டுகளை எடுத்து மெஷின் பக்கம் போனார். துணிக் குவியலிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, ரெண்டும் இடது கால்."

துணியைத் திருப்பிப் போடாமல் வெட்டியிருக்கிறார். தொழில் பழகுகிறவன் முதல் மாதத்தில் செய்கிற தப்பு. இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். அச்சாக ஒரே கால். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வக்கீலம்மா தரையில் நகர்ந்து அவர் பக்கம் வந்தாள். பிறகு, "அப்பா, டாக்டரும் நம்ம குடுத்த அளவ வச்சுத்தானே வெட்டுவார்?" என்றாள்.

அவர் துண்டுகளை மறுபடி ஒன்றன்மேல் ஒன்று வைத்தார்.

"அது தப்பு அளவுதானே அப்பா?"

பிள்ளை அழவில்லை, கோபப்படவும் இல்லை. சந்தேகம் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள். மாஸ்டர் வெட்டின துணியால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போட்ட பட்டனையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஐந்தரைக்கு மனைவி வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவிவிட்டு வந்தபோது மாஸ்டர் சொன்னார். மூன்று வருஷம் என்றார். அவள் முதலில் புரியாமல் நின்றாள். "டிக்கு?" என்றாள்.

"நான் போட்டேம்மா" என்றேன் நான்.

என்னைப் பார்த்தாள். என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். என் பக்கத்திலிருந்து டீ டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். பிறகு மகளிடம் வந்தாள். "உனக்கும் தெரியும்ல? ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"அப்பா என் கட்சிக்காரர்மா. வக்கீல் காட்டிக் குடுக்கலாமா?"

விளையாட்டாகச் சொல்ல நினைத்திருக்கிறாள், பாதியில் உதடு கோணிவிட்டது. அவளுடைய அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாஸ்டர் பக்கத்தில் போகவில்லை. போக அவருக்கு முகம் இல்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நாலு பேரும் போனோம். மாஸ்டர் அளவு நோட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தார். பிசியோ மேடத்தின் மேஜைமேல் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து, "அட்டை பொய் மேடம். முட்டி மடங்க மடங்க நான் கூட்டின அளவு இது, இதுதான் உண்மை" என்றார். அரை, முக்கால், ஒன்றேகால். மேடம் ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏன் சார் விட்டீங்க?"

"கத்தினா மேடம். நாலு பேர் முன்னாடி கத்தினா." அப்புறம் அவரே திருத்திக்கொண்டார். "எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"கத்துற அளவுக்கு ஏன் இழுத்தீங்க?"

"துணிய இழுக்கிற மாதிரி இழுத்துட்டேன். அப்படித்தான் நேராகும்னு நெனச்சேன்."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வெடுக்குனு இழுத்தா அந்தத் தசை இன்னும் முறுக்கிக்கும் சார். மெதுவா கொண்டுபோய், வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தி, அங்கயே வச்சு எண்ணணும். நீட்டறது மட்டும் போதாது, அவளே எழுந்து நின்னு பலம் பிடிக்கணும். முதல் தடவை காட்டினதோட சரி, நீங்க எப்படிச் செய்றீங்கன்னு நானும் ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார்க்கல. டிக்க நம்பினேன்." எழுந்து போய்ச் சுவரிலிருந்த அட்டையின் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "இத எத்தனை பேருக்குக் காட்டியிருக்கேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டு, மடித்து மாஸ்டர் கையில் கொடுத்தார்.

எலும்பு டாக்டர் கத்தவில்லை. போட்ட தேதியை அடித்துவிட்டு, "ஆறு மாசம். நிஜமா செய்ங்க. அப்புறம் அளந்து முடிவு பண்ணுவோம்" என்றார்.

அந்த ஆறு மாதம் எங்கள் கடை கடையாகவே இல்லை. திரையைக் கழற்றி, பாயை முன்னாலேயே விரித்தார் மாஸ்டர். வாடிக்கையாளர் வந்தால் வரட்டும் என்று மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக முப்பது எண்ணுவார். எண்ணும்போது காதெல்லாம் சிவக்கும், ஆனால் நிறுத்தமாட்டார். யாராவது கேட்டால், "பெருமூளை வாதம் சார், பயிற்சி" என்பார். அந்த இரண்டு வார்த்தை சொல்ல அவருக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. முட்டிப்பட்டை கட்டிக்கொண்டு வெட்டுமேஜையைப் பிடித்து அரைமணி நேரம் நிற்பாள் வக்கீலம்மா. நின்றபடியே வருகிறவர்களை வாதத்துக்கு இழுப்பாள். என் நூல்கண்டுகளை எல்லாம் மேஜைமேல் வைத்து அவளை ஸ்டூலில் உட்காரவைத்தோம். எனக்கு நூல் வேண்டும்போதெல்லாம் அவள் எழுந்து நின்று எடுத்துத் தரவேண்டும். "அத்தை, இந்தச் சட்டைக்கு எத்தனை கலர் நூல்தான் வேணும் உங்களுக்கு?" என்று சண்டைக்கு வருவாள். மாஸ்டரின் மனைவி காலையில் வேனுக்கு முன்னால் ஒரு தடவை செய்துவிட்டுப் போவாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அது நியாயம்தான்.

புது அட்டையை மகளே நிரப்பினாள், ஒரே பேனாவில். காய்ச்சல் வந்த நாட்கள் காலி. மாஸ்டருக்கு வேலை நெருக்கின நாலு நாள் காலி. வெறுமனே சோம்பல் வந்த ஒரு நாள், காலி. ஒரு தடவை பழக்கதோஷத்தில் என் கை அந்தக் காலிக் கட்டத்துப் பக்கம் போனது. "விடுங்கத்தை" என்றாள்.

ஆறு மாதம் கழித்து அளந்தார்கள். வலது முட்டி நன்றாக இளகியிருந்தது, இனிமேல் கத்தி வேண்டாம் என்றார் டாக்டர். இடது கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. அதற்கு ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும்.

"அந்த மூணு வருஷமும் ஒழுங்கா செஞ்சிருந்தா இதுவும் வேண்டியிருக்காதா டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"சொல்ல முடியாது. ஒழுங்கா செஞ்சும் சில பிள்ளைங்களுக்குத் தேவைப்படுது. சில பேருக்குத் தேவைப்படல. இவ விஷயத்துல இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அவர் அதைத் தூக்கிச் சுமந்திருப்பார். தெரியாது என்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண், மடியில் நாலு வயதுக் குழந்தை, அதே மாதிரி விறைத்த கால். கையில் ஓர் அட்டை. எங்கள் வக்கீலம்மா வழக்கம்போல எட்டிப் பார்த்தாள், அந்தப் பெண்ணும் எங்கள் அட்டையைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் விட்டுப் போகுமா?" என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எனக்குத்தான் இப்படின்னு நெனச்சேன். வேலைக்கும் போய்ட்டு இதையும் செய்ய முடியல. இங்க சுவத்துல முன்னாடி ஒரு அட்டை மாட்டியிருந்தாங்க, பார்த்திருக்கீங்களா? ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. அதப் பார்த்துட்டு என் அட்டையக் காட்ட வெக்கமாப் போச்சு. ரெண்டு மாசம் இந்தப் பக்கமே வரல."

மாஸ்டரின் மனைவி என்னைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாஸ்டர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். இடுப்பில் டேப் பட்ட ஆள் மாதிரி ஒரு கணம் மூச்சைப் பிடித்தபடி இருந்தார். பிறகு விட்டார்.

"அது எங்க அட்டைதாம்மா. அவ்வளவும் பொய். நாங்க செய்யவே இல்ல."

"டிக் போட்டது நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "மூணு பேனா வச்சுப் போட்டேன்."

அந்தப் பெண் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மடியிலிருந்த குழந்தையின் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தது அவள் கை.

"ரெண்டு மாசம்" என்றாள், எங்களிடம் இல்லை, குழந்தையின் காலைப் பார்த்து.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அட்டை பெஞ்சிலேயே விட்டுப்போயிற்று. வக்கீலம்மா அதை எடுத்து, வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, அவளிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, உங்க அட்டைதான் சரியான அட்டை" என்றாள்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் மூன்று பெரியவர்களும் உட்கார்ந்தே இருந்தோம்.